சேகோ ஆலைக் கழிவில் இருந்து வண்டிக்கு கேஸ்... லாபத்தை முடிவு செய்யப்போவது ஒரு கம்ப்ரசர்தான்! எப்படி?

பாப்பிரெட்டிப்பட்டி, பொம்மிடி பக்கம் சீசன் நேரத்தில் பஸ்ஸில் போனவங்களுக்கு அந்த வாடை தெரிந்திருக்கும். ஜன்னலை மூடினாலும் உள்ளே வரும். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவு எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீர் தேங்கிப் புளிக்கிற வாடை அது.

அதே தண்ணீரை மூடிய தொட்டியில், காற்றுப் படாமல் புளிக்க விட்டால் பயோகேஸ் கிடைக்கும். அதைச் சுத்தப்படுத்தி அழுத்தி நிரப்பினால் சி.என்.ஜி. வண்டி ஓடும். சேலம், தருமபுரி வட்டார சேகோ ஆலைகள் சிலவற்றில் இந்த பயோகேஸை வைத்து ஏற்கனவே ஜெனரேட்டர் ஓடுது, அடுப்பு எரியுது. ஆனால் வண்டிக்குப் போடும் அளவுக்குச் சுத்தப்படுத்துவது வேறு வேலை. அதற்கு இன்று அதிகம் பேசப்படும் வழி மெம்பரேன்.

"மெம்பரேன் வச்சா போதும், கரன்ட் செலவே இல்ல" என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. மீதிப் பாதி எங்கே இருக்கு? பார்ப்போம்.

ஏன் இப்போ இந்தப் பேச்சு?

மத்திய அரசு 2018 அக்டோபர் 1-ம் தேதி 'சதத்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. விவசாயக் கழிவு, சாணம், கரும்பு ஆலைக் கழிவு, நகராட்சிக் குப்பை இவற்றில் இருந்து அழுத்தப்பட்ட பயோகேஸ், அதாவது சிபிஜி தயாரித்தால், எண்ணெய் நிறுவனங்கள் அதை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் திட்டம். தொடக்கத்தில் கிலோவுக்கு 46 ரூபாய் கொள்முதல் விலை. 2023-24-க்குள் 5,000 ஆலைகள் என்று இலக்கு வைத்தார்கள். அதன் பக்கத்தில்கூட போக முடியவில்லை.

அடுத்து வந்தது கலப்புக் கட்டாயம். நகரங்களில் கேஸ் விநியோகிக்கும் நிறுவனங்கள், வண்டிக்கும் வீட்டுக் குழாய்க்கும் விற்கும் கேஸில் ஒரு பங்கு சிபிஜி இருந்தாக வேண்டும் என 2023 நவம்பரில் முடிவானது. 2025-26-ல் 1 சதவீதம், 2026-27-ல் 3, 2027-28-ல் 4, 2028-29-ல் இருந்து 5 சதவீதம். வாங்க ஆள் இருக்காங்களா என்ற கேள்வி இதோட கொஞ்சம் குறைஞ்சது. என்ன விலைக்குத் தயாரிக்க முடியும் என்பதுதான் இப்போ கேள்வி.

தருமபுரிக்கு இது தனிக் கதை. இங்கே 'கேஸ்' என்றாலே விவசாயிகளுக்கு ஞாபகம் வருவது கொச்சி - பெங்களூரு கெயில் குழாய். கோவை தொடங்கி கிருஷ்ணகிரி வரை 7 மாவட்ட விளைநிலங்களில் குழாய் பதிப்பதை எதிர்த்து வருஷக்கணக்கில் போராட்டம் நடந்தது. நெடுஞ்சாலை ஓரமாக் கொண்டு போங்க என்று 2013-ல் தமிழக அரசு சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கெயிலுக்குச் சாதகமாக வந்தது. நிலத்துக்கு அடியில் போகும் கேஸுக்கு அவ்வளவு சண்டை. நம்ம ஊர் கழிவுத் தொட்டியிலேயே உருவாகும் கேஸை எவ்வளவு பயன்படுத்துறோம் என்று கேட்பதில் தப்பில்லையே?

ஒரு ஆலைக் கழிவில் எவ்வளவு கேஸ் வரும்?

ஒரு எளிய கணக்கு போடுவோம். ஒரு சேகோ ஆலையில் தினம் 1 லட்சம் லிட்டர் கழிவுநீர் வருதுன்னு வச்சுக்கங்க. கழிவுநீரில் எவ்வளவு அழுக்கு இருக்கு என்பதை சி.ஓ.டி. என்ற அளவில் சொல்வார்கள். மாவும் சர்க்கரையும் கலந்த இந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் என்று எடுத்துக்கொள்வோம். மொத்தம் 500 கிலோ. அதில் 80 சதவீதத்தை நுண்ணுயிர்கள் தின்றால் 400 கிலோ.

ஒரு கிலோ சி.ஓ.டி.க்கு அதிகபட்சம் 0.35 கன மீட்டர் மீத்தேன். இது வேதியியல் கணக்கு, மாறாது. அப்போ 140 கன மீட்டர் மீத்தேன். எடையில் சுமார் 100 கிலோ.

ஆனால் தொட்டியில் இருந்து வருவது தனி மீத்தேன் இல்லை. சுமார் 60 சதவீதம்தான் மீத்தேன். மிச்சம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. கூடவே அழுகின முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சம், ஈரப்பதம் கொஞ்சம். மொத்தமாக 230 கன மீட்டர் பயோகேஸ் கையில் இருக்கும்.

வண்டிக்குப் போடணும்னா, இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16087 விதிப்படி குறைந்தது 90 சதவீதம் மீத்தேன் இருக்கணும். அப்போ அந்த 90 கன மீட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளியாகணும். இந்தத் தள்ளும் வேலைக்குத்தான் மெம்பரேன்.

மெம்பரேன்னா என்ன? உங்க வீட்டு ஆர்.ஓ. மாதிரிதான்

தருமபுரிக்காரங்களுக்கு மெம்பரேனைப் பத்தி விளக்கவே வேண்டாம். நிலத்தடி நீரில் புளோரைடு. பல்லில் கறை, மூட்டில் வலி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வரும் வரைக்கும், ஏன் அதற்குப் பிறகும், கேன் தண்ணீரும் ஆர்.ஓ. மெஷினும் இங்கே சகஜம்.

ஆர்.ஓ.வில் என்ன நடக்குது? மோட்டார் தண்ணீரை அழுத்தும். மெம்பரேன் வழியே நல்ல தண்ணீர் ஊடுருவிப் போகும். உப்பும் புளோரைடும் இந்தப் பக்கமே நின்று, ரிஜெக்ட் தண்ணீராகச் சாக்கடைக்குப் போகும். இங்கே இரண்டு செலவு. ஒண்ணு மோட்டாருக்குக் கரன்ட். இன்னொண்ணு ரிஜெக்ட்டில் போகும் தண்ணீர். முதல் செலவு பில்லில் வரும். இரண்டாவது எந்தப் பில்லிலும் வராது. இதை மனசுல வச்சுக்கங்க, கேஸ் கதையும் இதேதான்.

கேஸ் மெம்பரேன் என்பது தலைமுடி மாதிரி மெல்லிய, உள்ளே குழல் உள்ள பிளாஸ்டிக் இழைகள். ஆயிரக்கணக்கில் கட்டி ஒரு ஸ்டீல் குழாய்க்குள் வைத்திருப்பார்கள். பயோகேஸை அழுத்தி உள்ளே விட்டால், கார்பன் டை ஆக்சைடு அந்தப் பிளாஸ்டிக்கில் சீக்கிரம் கரைந்து, வேகமாக மறுபக்கம் போய்விடும். மீத்தேன் மெதுவாகத்தான் போகும். அதனால் இந்தப் பக்கத்திலேயே தங்கிவிடும்.

ஆர்.ஓ.வுக்கும் இதுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம். ஆர்.ஓ.வில் நமக்கு வேண்டியது மறுபக்கம் போகும், அங்கே அழுத்தம் போயிடும். இங்கே நமக்கு வேண்டிய மீத்தேன் அழுத்தம் குறையாமல் இந்தப் பக்கமே நிற்கும். இது பெரிய லாபம். ஏன் என்று கீழே வரும்.

இன்னொரு வசதியும் இருக்கு. பயோகேஸைத் தண்ணீரில் கழுவிச் சுத்தப்படுத்தும் முறை ஒன்று உண்டு. அதுக்குத் தண்ணீர் வேணும். மெம்பரேனுக்குத் தேவையில்லை. கோடையில் போர்வெல் வற்றும் மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அப்போ கரன்ட் எங்கே போகுது?

மெம்பரேன் ஒரு யூனிட் கரன்ட்கூட சாப்பிடாது. அதில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. சாப்பிடுவது அதுக்கு முன்னாடி நிற்கும் கம்ப்ரசர். சாதாரணக் காற்றழுத்தத்தில் வரும் பயோகேஸை 10 முதல் 16 மடங்கு வரை அழுத்தினால்தான் பிரிப்பு வேலை நடக்கும்.

இயற்பியல் கணக்குப்படி, 60-க்கு 40 என்று கலந்திருக்கும் இந்த இரண்டு வாயுவையும் பிரிக்க ஒரு கன மீட்டருக்குத் தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றல் 0.02 யூனிட்தான். எந்த மெஷினும் இதுக்குக் கீழே போக முடியாது. நடைமுறையில் மெம்பரேன் ஆலைகளுக்கு ஆவது 0.2-ல் இருந்து 0.3 யூனிட் வரை. பத்து மடங்குக்கு மேல! இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் டிசைன் செய்யும் பொறியாளரின் வேலை.

பயமா இருக்கா? வேண்டாம். ஒரு கன மீட்டர் பயோகேஸில் சுமார் 6 யூனிட் அளவு எரிசக்தி இருக்கு. அதில் 0.25 போனால் 4 சதவீதம். தாங்கக்கூடியதுதான். ஆனால் டிசைன் தப்பா போனா இது எங்கேயோ போயிடும்.

ஒரு கட்டமா, மூணு கட்டமா?

இதுதான் கட்டுரையோட மையம். கொஞ்சம் நிதானமாப் படிங்க.

மெம்பரேன் நூறு சதவீதம் நேர்மையான காவல்காரன் இல்லை. கார்பன் டை ஆக்சைடு கூட்டமா வெளியே போகும்போது கொஞ்சம் மீத்தேனும் சேர்ந்து நழுவிடும். ஒரே ஒரு கட்டம் மட்டும் வைத்து 95 சதவீதம் பக்கம் சுத்தம் வேணும்னு பிடிவாதம் பிடித்தால், 100-ல் 10 பங்குக்கு மேல்கூட மீத்தேன் நழுவும்.

அதனால்தான் வெளியே போகும் கேஸை இன்னொரு மெம்பரேனில் விட்டு, அதில் இருக்கும் மீத்தேனைப் பிடித்து, கம்ப்ரசரின் வாய்க்கே திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டு கட்டம், மூன்று கட்டம் என்பது இதுதான். மூணு கட்டத்தில் 99 சதவீதத்துக்கு மேல் மீத்தேன் கையில் நிற்கும். ஆனால் திரும்பி வரும் கேஸை மறுபடி அழுத்தணும். கம்ப்ரசருக்கு வேலை கூடும்.

100 கன மீட்டர் பயோகேஸுக்குத் தோராயமா ஒரு கணக்கு:

• ஒரு கட்டம்: கரன்ட் சுமார் 16 யூனிட். நழுவும் மீத்தேன் 10 சதவீதம் என்றால் 6 கன மீட்டர். அதில் இருக்கும் எரிசக்தி 60 யூனிட்.

• மூன்று கட்டம்: கரன்ட் சுமார் 25 யூனிட். நழுவும் மீத்தேன் அரை சதவீதம் என்றால் 0.3 கன மீட்டர். எரிசக்தி 3 யூனிட்.

கரன்ட் பில்லை மட்டும் பார்த்தால் ஒரு கட்டம்தான் சிக்கனம். 9 யூனிட் மிச்சம். ஆனால் அந்த 9 யூனிட்டை மிச்சம் பிடிக்க, 57 யூனிட் எரிசக்தியைக் காற்றில் விடுறோம். ஒரு யூனிட் கரன்ட் தயாரிக்க மூணு யூனிட் அளவு எரிபொருள் ஆகும் என்று வைத்தாலும், 9 யூனிட்டுக்கு 27. அப்பவும் 57-ஐ விடக் குறைவுதான்.

ஆர்.ஓ. ரிஜெக்ட் தண்ணீர் கதை ஞாபகம் இருக்கா? மோட்டார் கரன்ட்டை மிச்சம் பிடிக்கிறேன்னு குடம் குடமா தண்ணீரைச் சாக்கடையில் விட்ட கதைதான் இது.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. சாக்கடைக்குப் போன தண்ணீர் யாரையும் சுடாது. காற்றுக்குப் போன மீத்தேன் சுடும். 100 வருஷக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும் வாயு அது. மேலே சொன்ன 6 கன மீட்டர், எடையில் 4 கிலோ சொச்சம். சுமார் 120 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 'பசுமை எரிபொருள்' என்ற பெயர்ப் பலகைக்குப் பின்னால் இது நடந்தால் என்ன பிரயோஜனம்?

அப்போ கட்டத்தைக் கூட்டிக்கிட்டே போகலாமா?

கூடாது. 90-ல் இருந்து 99-க்குப் போவது லாபம். 99.5-ல் இருந்து 99.9-க்குப் போக, அதே கேஸைத் திரும்பத் திரும்ப அழுத்தணும். ஒரு இடத்துக்கு மேல் போட்ட கரன்ட் திரும்பி வராது.

மெம்பரேனை மாத்தினா சரியாகிடுமா? அதிலும் ஒரு சுவர் இருக்கு. வேகமாக் கேஸை விடும் பிளாஸ்டிக் சரியாப் பிரிக்காது. நல்லாப் பிரிக்கும் பிளாஸ்டிக் மெதுவா விடும். லாயிட் ராப்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1991-ல் இந்த எல்லையைக் கோடு போட்டே காட்டினார். புதுப் பொருட்கள் வந்த பிறகு 2008-ல் அந்தக் கோட்டைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார். கோடு நகர்ந்தது, ஆனால் மறையவில்லை.

அதனால் நல்ல ஆலை, கெட்ட ஆலை என்ற வித்தியாசம் மெம்பரேன் பிராண்டை விட, அதைச் சுத்தி இருக்கும் ஏற்பாட்டில்தான் இருக்கு. முக்கியமான சில:

அழுத்தத்தை வீணாக்காதீங்க. சிலிண்டரில் நிரப்ப கடைசியில் கேஸை 200 பாருக்கு மேல் அழுத்தணும். அழுத்தும் வேலையில் கணக்கு கூட்டலில் வராது, பெருக்கலில் வரும். 1-ல் இருந்து 10 பாருக்கு ஏத்த ஆகும் செலவும், 10-ல் இருந்து 100-க்கு ஏத்த ஆகும் செலவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அப்போ மெம்பரேனில் இருந்து 10 பாரில் வெளிவரும் மீத்தேனுக்கு, மொத்த வேலையில் 40 சதவீதத்துக்கு மேல் ஏற்கனவே முடிஞ்சாச்சு. அதை நேரா அடுத்த கம்ப்ரசருக்குக் கொடுத்தால் லாபம். நடுவில் ஒரு தொட்டியில் அழுத்தத்தை இறக்கிவிட்டு மறுபடி ஏத்தினால், போட்ட கரன்ட் எல்லாம் தண்டம்.

முன்னாடியே சுத்தம் பண்ணுங்க. ஹைட்ரஜன் சல்பைடு கம்ப்ரசரை அரிக்கும். ஈரமும், கம்ப்ரசரில் இருந்து வரும் எண்ணெய்ப் புகையும் மெம்பரேன் இழையில் படிஞ்சா, பிரிக்கும் திறன் குறையும். அதே சுத்தம் வேணும்னா அழுத்தத்தைக் கூட்டணும், கரன்ட் கூடும். வடிகட்டியில் மிச்சம் பிடித்த காசு இந்த வழியில் பில்லில் வந்து நிற்கும்.

வெயிலையும் கணக்கில் வைங்க. கேஸ் சூடாக இருந்தால் கம்ப்ரசருக்கு வேலை அதிகம். மெம்பரேனிலும் எல்லாமே வேகமா ஊடுருவும், மீத்தேனும் சேர்த்துத்தான். ஐரோப்பாவின் குளிருக்குக் கணக்குப் போட்ட டிசைனை அப்படியே கொண்டுவந்து ஏப்ரல் மாதத் தருமபுரியில் வைத்தால், காகிதத்தில் இருந்த எண் கையில் வராது.

சீசனைப் பாருங்க. மரவள்ளி அரவை வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. முழு அளவுக்கு வாங்கின கம்ப்ரசர், பாதி கேஸ் வரும்போதும் முழு வேகத்தில் ஓடினால் யூனிட் கணக்கு இரண்டு மடங்காகும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் இருக்கணும்.

சேகோ ஆலைக்கு மட்டும் ஒரு வசதி

இங்கே ஒரு சுவாரஸ்யம் இருக்கு. சேகோ ஆலைக்குச் சூடு தேவை. சாதா ஜவ்வரிசியை வறுக்கணும், நைலான் ஜவ்வரிசியை ஆவியில் வேகவைக்கணும். ஒரு கட்ட மெம்பரேனில் நழுவும் கேஸில் சுமார் 14 சதவீதம் மீத்தேன் இருக்கும். தனியா எரியாது. ஆனால் சுத்தப்படுத்தாத பயோகேஸோட கலந்து பாய்லருக்குக் கொடுத்தால் எரியும்.

அப்போ எல்லா கேஸையும் வண்டிக்கு ஏத்தணும்னு இல்லை. பாதியைச் சுத்தப்படுத்தி விற்று, நழுவின கேஸை மீதிப் பாதியோட சேர்த்து ஆலையிலேயே எரிக்கலாம். நழுவின மீத்தேனும் வீணாகாது, மூணு கட்டமும் தேவைப்படாது. அடுப்பு இல்லாத குப்பைக் கிடங்கு ஆலைக்கு இந்த வழி கிடையாது. நம்ம ஊர் ஆலைக்கு இருக்கு.

சின்ன ஆலைக்குக் கட்டுபடியாகுமா?

நேர்மையாச் சொன்னா, தனி ஆளாக என்றால் கஷ்டம்.

நம்ம கணக்கில் வந்தது தினம் 100 கிலோ மீத்தேன். கிலோ 46 ரூபாய் என்ற தொடக்க விலையில் 4,600 ரூபாய். சுத்தப்படுத்தவும் சிலிண்டரில் நிரப்பவும் சேர்த்து 90 முதல் 100 யூனிட் கரன்ட் போகும். அதுக்கு மேல் மெஷின் கடன், ஆள் கூலி, வடிகட்டிச் செலவு. இதே 230 கன மீட்டரை ஜெனரேட்டரில் விட்டால் 400 யூனிட்டுக்கு மேல் கரன்ட் கிடைக்கும். உங்க ஆலை மின்வாரியத்துக்குக் கட்டும் யூனிட் விலையால் அதைப் பெருக்கிப் பாருங்க. பல ஆலைகளுக்கு, சுத்தப்படுத்தாமல் நேரா பயன்படுத்துவதே இப்போதைக்குப் புத்திசாலித்தனம்.

ஒப்பிட்டுப் பார்க்க நாமக்கல் மாவட்டத்தைப் பாருங்க. நாமக்கல் புதுச்சத்திரத்தில் உள்ள ஐ.ஓ.டி. பயோகேஸ் ஆலையின் திறன் தினம் 15 டன் சிபிஜி. கோழிப் பண்ணைக் கழிவு அங்கே பெரிய பலம். நம்ம கணக்கில் உள்ள ஆலையை விட 150 மடங்கு பெரிசு. பெரிய கம்ப்ரசர் சின்னதை விடத் திறமையா ஓடும்; செலவும் பரவிப்போகும்.

தருமபுரியில் அப்படிச் சேர்த்துச் செய்ய வழி இருக்கா? மூலப்பொருள் இருக்கு. பாலக்கோட்டில் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை, கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலை. இரண்டிலும் கரும்புச் சக்கைச் சேறு வரும். சேகோ ஆலைகளில் திப்பி இருக்கு. ஆனால் திப்பி சும்மா கிடக்கும் குப்பை இல்லை, மாட்டுத் தீவனமா விலை போகுது. கழிவுநீரை லாரியில் ஏத்திப் பொது ஆலைக்குக் கொண்டு போறதும் நடக்காத காரியம், டீசல் செலவே தின்னுடும். அதனால் கழிவுநீர் கேஸ் ஆலைக்குள்ளேயே எரியட்டும். சர்க்கரை ஆலைச் சேறு மாதிரி திடக் கழிவு பொது ஆலைக்குப் போகட்டும் என்று பிரிச்சு யோசிப்பதுதான் பொருந்தும்.

மரவள்ளி விலை ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் அடி வாங்குவது விவசாயிதான். ஆலையோட எரிபொருள் செலவு குறைந்தால், கிழங்குக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க இடம் கிடைக்கும். அந்தக் காசு விவசாயி வரைக்கும் வருமா என்பது வேற சண்டை. ஆனால் மிச்சமே இல்லாத இடத்தில் பங்கு கேட்கவும் முடியாதே.

மெஷின் விற்க வருபவரிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. ஒரு கன மீட்டர் பயோகேஸுக்கு எத்தனை யூனிட்? திரும்பச் சுற்றும் கேஸையும் சேர்த்துச் சொல்றீங்களா?

2. மீத்தேன் எத்தனை சதவீதம் நழுவுது? அது எங்கே போகுது, காற்றுக்கா, பாய்லருக்கா?

3. மெம்பரேனில் இருந்து எத்தனை பாரில் கேஸ் வெளியே வருது? அந்த அழுத்தம் நேரா அடுத்த கம்ப்ரசருக்குப் போகுதா?

4. 40 டிகிரி வெயிலிலும், பாதி கேஸ் மட்டும் வரும் மாதத்திலும் இதே எண் நிற்குமா? எழுதிக் கொடுப்பீங்களா?

முதல் கேள்விக்கு மட்டும் பளிச்னு பதில் சொல்லி, இரண்டாவதுக்கு மழுப்பினால் உஷாராகிடுங்க. பில்லில் வராத செலவு அங்கேதான் ஒளிஞ்சிருக்கும்.